வாயில் வெற்றிலை, அந்தரத்தில் பேத்தி

கும்பகோணத்தில் வெற்றிலை போடாத வாயைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அடுத்தவர் வாயை அடைப்பதற்கென்றே கவுளி கவுளியாக வெற்றிலை வாங்கிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியிலேயே, வெற்றிலை மாஸ்டர்தான். அவர் ஒருநாளும் வெற்றிலை போட்டதில்லை. பல் கறையாகும் என்பார்.

அவர் சொல்லிக்கொடுத்தது ஜிம்னாஸ்டிக்ஸ். நெல் வியாபாரியான எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு தாண்டாதவன். நீ உருப்படமாட்டாய் என்றார் வாத்தியார். பிற்பாடு அவர் வீட்டு நெல்லையே நான்தான் விலைபேசி வாங்கினேன். சொந்தமாக மண்டி வைத்தேன். மகள் ஸ்டெல்லாவை நர்ஸ் படிப்பு படிக்கவைத்தேன். அவளும் மாப்பிள்ளையும் ஏழு வயது ஜெசியை எங்களிடம் விட்டுவிட்டு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனார்கள். அப்போது எங்கள் தெருவில் பாதி வீடு அப்படித்தான். பிள்ளைகள் இங்கே, பெற்றவர்கள் போனில்.

ஜெசிக்கு நடக்கத் தெரியாது. மதில்மேல் ஓடத் தெரியும். மண்டியில் மூட்டை அடுக்கின் உச்சியில் ஏறிக் குட்டிக்கரணம் போட்டுத்தான் தரைக்கு வருவாள். மூட்டை தூக்குகிற ஆட்கள் மாதாவைக் கூப்பிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். எனக்கு மூடவும் முடியாது, பார்க்கவும் முடியாது. இந்தப் பிள்ளைக்குக் கை கால் ஒடிந்தால் கடல் தாண்டி இருக்கிறவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? தூக்கம் போய்விட்டது. விஷயம் மஸ்கட்டுக்கும் போய்விட்டது.

"அப்பா, அடக்கி வச்சா திருட்டுத்தனமா குதிப்பா," என்றாள் ஸ்டெல்லா. "முறையா சொல்லித்தர்ற கிளப்பா பாத்துச் சேத்துவிடுங்க. லீவுல வந்து நானே பாப்பேன். எனக்குத் திருப்தி இல்லன்னா வேலைய விட்டுட்டு வந்துடுவேன்."

வேலையை விடுவதா? அவள் அந்த வேலைக்காக எத்தனை இன்டர்வியூவுக்குப் போய்த் திரும்பி வந்தவள் என்று எனக்குத்தான் தெரியும்.

முதலில் தஞ்சாவூரில் புதிதாகத் திறந்திருந்த கிளப்புக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, நீல மெத்தை. பனியனில் கிளப் பெயர் போட்ட தம்பி ஒருவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"மெத்தைக்குள்ள என்ன தம்பி?"

"ஃபோம் சார். நல்ல குவாலிட்டி."

தன் நெல் மட்டம் என்று விற்கிற மிராசுதாரர் எவராவது சொன்னதுண்டா? மூட்டையைக் குத்தூசியால் குத்தி, உள்ளே இருப்பதை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்துத்தான் நாங்கள் விலை சொல்வோம். குத்தூசி எப்போதும் என் பையில் இருக்கும். எடுத்துக் குத்தினேன்.

"பெரியவரே, என்ன பண்றீங்க?"

"சாம்பிள் பாக்குறேன்."

நல்ல ஃபோம்தான். அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. ஆனால் இடம் இல்லை என்று எங்களை அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு யாரோ சொல்லித்தான் உள்ளூரிலேயே மாஸ்டரின் கொட்டகைக்குப் போனேன். பழைய தேங்காய்க் கிடங்கு அது. நடுவில் தென்னை நாரும் பழைய சோபாப் பஞ்சும் நிரப்பிய பள்ளம். மாஸ்டர் கம்பியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். புதிதாக வருகிறவர்களிடம் அப்படியேதான் பேசுவாராம். நாம்தான் கழுத்தைச் சாய்த்துக்கொள்ள வேண்டும்.

என் கையில் குத்தூசியைப் பார்த்தார். "குத்திக்குங்க. எங்க வேணாலும் குத்திக்குங்க. ஆனா உள்ள உக்காரணும்னா வாய்ல இது இருக்கணும்." இறங்கி வந்து சுண்ணாம்பு தடவிய நாலு வெற்றிலையும் பாக்கும் நீட்டினார்.

"இது எதுக்குங்க?"

"வாசப்படி தாண்டி வர்ற பெரியவங்க எல்லாருக்கும் ஒரே வியாதிங்க. புள்ள கால் தரைய விட்டுச்சுன்னா 'பாத்து'ன்னு கத்துறது. புள்ள அந்தரத்துல இருந்து திரும்பி உங்களைப் பாக்கும். அதோட போச்சு."

"எச்சி துப்பணும்னா?"

"வெளிய போயிடணும். முழுங்குனா உங்க பாடு."

பெஞ்சில் ஏற்கெனவே நாலைந்து பேர், நாகஸ்வரம் ஊதுகிறவர்களைப் போலக் கன்னம் உப்பி உட்கார்ந்திருந்தார்கள். பட்டுக்கடை அம்மா ஒருவர், பக்கத்தில் பேங்க் மேனேஜர். சமயம் பார்த்து ஒருவர் அந்த மேனேஜரிடம் லோன் கேட்டார். மறுக்க வாயில்லாமல் மனுஷன் தலையை ஆட்டித் தொலைத்தார். ஒரு தலைமையாசிரியர் பயத்தில் மொத்தத்தையும் விழுங்கிவிட்டு, வகுப்பு முடியும்வரை விக்கிக்கொண்டிருந்தார். மாஸ்டர் எதற்கும் அசையமாட்டார். "காலை நீட்டு, கருவாடு மாதிரி சுருட்டாத," என்று பிள்ளைகளை விரட்டிக்கொண்டே இருப்பார்.

நான் ஜெபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு மனதுக்குள் ஜெபித்தேன். நாற்பது லாரி நெல்லை ஒரே நாளில் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவன் நான். இந்தச் சின்ன உடம்பு மேலே எழும்பும்போதெல்லாம் எந்த மணியில் இருக்கிறேன் என்பது தப்பிப்போய், முதலிலிருந்து தொடங்குவேன். ஒருமுறை முழங்கை வீங்கியது. அன்று போனில் ஸ்டெல்லா, "எப்படி இருக்கா?" என்றாள். "சாப்பிட்டா," என்றேன்.

லீவில் வந்தாள் ஸ்டெல்லா. நேரே கொட்டகைக்குத்தான் வந்தாள். பள்ளத்தை அழுத்திப் பார்த்தாள். முதலுதவிப் பெட்டியைத் திறந்து மருந்தின் தேதிகளைப் படித்தாள். மாஸ்டர் வெற்றிலையை நீட்டினார்.

"நான் போடமாட்டேங்க. வாயையும் திறக்கமாட்டேன். ஐசியூல வேலை பாக்குறவ."

மாஸ்டர் வெற்றிலையைத் திரும்ப வைத்துவிட்டு அவளை உட்காரவிட்டார். அதுவரை ஜெசி பின்பக்கக் கரணம் போடும்போது அவர் இடுப்பில் கைகொடுத்துத் தூக்கிவிடுவார். அன்று அவள், "அம்மாக்குக் காட்டணும். கை கொடுக்காதீங்க மாஸ்டர்," என்றாள்.

அவர் ஸ்டெல்லாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் வாய் நிறைய வெற்றிலை. "சரி, போடு," என்றார்.

ஜெசி கையைத் தூக்கினாள். முழங்காலை மடக்கினாள். கால் தரையை விட்டது.

"பாத்து!"

பெஞ்சில் இருந்த நாங்கள் யாரும் இல்லை. ஸ்டெல்லாவும் இல்லை. கத்தினது மாஸ்டர்.

ஜெசி சுற்றி வந்து, ஒரு கால் தடுமாறி, நின்றுவிட்டாள். பட்டுக்கடை அம்மாவுக்குச் சிரிப்பு வெடித்து, மேனேஜரின் வெள்ளைச் சட்டை சிவப்பாகிவிட்டது. மாஸ்டர் முகத்தில் ரத்தம் இல்லை.

"ஏம்மா, நான் கத்துனது கேக்கலியா?"

"கேட்டுச்சு. தாத்தா வீட்ல நாள்பூரா அதான் சொல்லுவாங்க மாஸ்டர். காதுல ஏறாது."

மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப உங்களுக்குக் கொடுத்த வெத்தலை அத்தனையும் வீணா?"

வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். வேலையை விட்டுவிடுகிறேன் என்று இப்போது சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். நானே முந்திக்கொண்டேன். "வேற கிளப்பு பாக்கலாம்மா. தஞ்சாவூர்ல ஒண்ணு இருக்கு. என்னைய உள்ள விடுவாங்களான்னுதான் தெரியல."

"வேணாம்ப்பா. அவரு கத்துனப்ப அவரு கை எங்க இருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

நான் கண்ணை மூடியிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

"ரெண்டு கையும் அவ முதுகுக்குக் கீழ. தொடவே இல்ல. அவ நிக்குற வரைக்கும் எடுக்கவும் இல்ல. பயமே இல்லாதவங்க கையில எம்புள்ளைய விடமாட்டேன்ப்பா. இவருகிட்ட இருக்கட்டும்."

லீவு முடிந்து அவள் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போனாள். அதன் பிறகு நான் கொட்டகைக்குள் உட்காரவில்லை. ஜெசியை வாசலில் விட்டுவிட்டு எதிரே டீக்கடைக்குப் போய்விடுவேன். முதல் டீயை மாஸ்டருக்குக் கொடுத்தனுப்பச் சொல்வேன், சர்க்கரை தூக்கலாக. அவ்வளவு பயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு நிற்கிற மனுஷனுக்குக் கொஞ்சம் இனிப்பு வேண்டும்.