நாலாவது ஆள்

தென்காசி ஜில்லாவிலேயே பொய் சொல்லத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் ‘அப்படியில்ல’ அண்ணாச்சிதான். அவரோடு ஒரே அலுவலகத்தில் பதினாறு வருஷம் குப்பை கொட்டியவன் நான். அது எத்தனை பெரிய இம்சை என்று எனக்குத்தான் தெரியும்.

யார் எதைச் சொன்னாலும் ‘அப்படியில்ல’ என்றுதான் ஆரம்பிப்பார். ஓர் இழவு வீட்டில் மாலையைப் போட்டுவிட்டு போஸ்டரை நிமிர்ந்து பார்த்தார். “அப்படியில்ல. வயசு எழுபத்தெட்டு தப்பு, எண்பத்தொண்ணு” என்றார். பாவம், மகன் அழுகையை நிறுத்திவிட்டுப் பேனா தேடினான். சினிமாவில் ராஜா விருந்து சாப்பிட்டால் எழுந்து நின்று, “அந்தக் காலத்துல மிளகா வத்தல் ஏதுலே?” என்பார். முன்வரிசைக்காரர் ஒருவர், “நீரு போயி மிளகு வாங்கிட்டு வாரும்” என்றார்.

அவர் ஓய்வுபெற்ற பிறகு சென்னையிலிருந்து ஒரு சினிமா இயக்குநர் வந்தார். ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துவிடும் சுடலைமுத்து என்பவர், ஒரு சாரல் சீசனில் திடீர் வெள்ளம் வந்தபோது, குளிக்கப் போனவர்கள் தன்னிடம் கொடுத்துவைத்த வேட்டிகளை முடிச்சுப் போட்டு வீசி நாலு பேரைக் கரையேற்றியவர். அவர் காலமான பின் அந்தக் கதையைப் படமாக்கத்தான் இயக்குநர் வந்திருந்தார். உண்மை சரிபார்க்க அண்ணாச்சியைவிட்டால் யார் இருக்கிறார்கள்? நானே அழைத்துப் போனேன், என் கிரகம்.

இயக்குநர் எழுதியிருந்த கதையில் சுடலைமுத்து அருவி உச்சியிலிருந்து குதித்தார்.

“அப்படியில்ல. அவருக்கு நீச்சலே தெரியாது.”

இயக்குநர் முகம் தொங்கிப்போனது. ஆனாலும் திருத்தினார்.

கையெழுத்து வாங்கக் கடையத்துக்குப் போனோம், சுடலைமுத்துவின் மகள் பேச்சியம்மாள் வீட்டுக்கு. அவள் சம்மதிக்காவிட்டால் படமே கிடையாது. கதையைப் படித்து வைத்திருந்தவள், ஒரு பக்கத்தில் விரலை ஊன்றினாள்.

“எங்கப்பா கை நடுங்குச்சுன்னு எழுதியிருக்கீய. நாளைக்கு எம்பிள்ளைக இதப் பாத்துட்டு, தாத்தா பயந்தாங்கொள்ளின்னு நினைக்கவா? இது இருந்தா கையெழுத்து கிடையாது.”

இயக்குநர் அவசரமாக, “எடுத்துடறேம்மா, அது என் கற்பனைதான்” என்றார்.

“அப்படியில்ல. கை நடுங்குனது நெசந்தான்” என்றார் அண்ணாச்சி. எனக்கு அவர் வாயைப் பொத்தத் தோன்றியது.

“நீங்க கூட நின்னு பாத்தீயளோ?” என்றாள் அவள்.

அண்ணாச்சி தரையைப் பார்த்தார். “காப்பாத்துன நாலு பேரும் வெளியூர்க்காரங்கன்னு ஊரே சொல்லுது. மூணு பேருதான் வெளியூரு. நாலாவது ஆளு நான். காய்ச்சல்னு லீவு போட்டுட்டு அருவிக்குப் போயிட்டேன். அதான் யாருட்டயும் சொல்லல.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் காய்ச்சலுக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு போனவன் நான்.

“வேட்டியோட அந்த முனையில ஒங்கப்பா, இந்த முனையில நான். அவரு நடுக்கம் துணி வழியா எங் கைக்கு வந்துச்சு தாயி. பயந்தவரு விட்டுட்டு ஓடியிருக்கலாம்லா? விடல.”

அவள் காகிதத்திலிருந்து விரலை எடுத்தாள். “அப்பா ஏதாச்சும் சொன்னாவளா?” என்று கேட்டாள்.

“ஏலே மூதி, வேட்டிய விட்டுராதலேன்னாரு.”

“ஒங்களையா?”

“என்னையத்தான். கவர்மெண்ட் உத்தியோகம்னெல்லாம் பாக்கல.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “அப்பா அப்படித்தான் வைவாவ. நடுங்குனது இருக்கட்டும் சார். ஏலேன்னு சொன்னதயும் சேத்துக்கிடுங்க” என்று கையெழுத்துப் போட்டாள்.

இப்போது அண்ணாச்சி வீட்டில்தான் ஆட்சேபம். துண்டை வெள்ளம் கொண்டுபோக, இடுப்பில் துணியில்லாமல் புருஷன் கரையேறுவதை ஊர் பார்க்கலாமா என்கிறார் மதினி. “நடந்தது நடந்ததுதான், ஏட்டீ” என்கிறாராம் இவர்.

போன வாரம் படப்பிடிப்புக்குப் போயிருந்தேன். நாலாவது ஆளாக நடிக்க ஆறடி உயரத்தில், சுருட்டை முடியோடு ஒருவர் நின்றார். நான் நேரே இயக்குநரிடம் போனேன்.

“அப்படியில்ல சார். எங்க அண்ணாச்சி குட்டை. அப்பவே முன்வழுக்கை. அவரை அப்படியே காட்டுங்க, அதான் அழகு.”