பட்டியலின் ஏழாவது வரி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதீர்கள். சித்திக்கும் வேண்டாம், சித்தி அம்மாவிடம் எதையும் மறைத்ததில்லை. நான் நலம், நாளைக் காலை ஏழரை மணி வரைக்கும். அதற்குப் பிறகும் நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவின் செல்போனை எடுத்துக்கொண்டு குளியலறையில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அது வாளியின் ஆட்டம்.

அப்பாவின் பழைய கம்ப்யூட்டர், ஒரு மருத்துவமனையின் மாடிப்படியை வரைந்துகொண்டிருக்கும்போதே பதினோராவது படியில் உயிரை விட்டது உங்களுக்குத் தெரியும். புதிய கம்ப்யூட்டரை நாமே சேர்த்துக் கட்டலாம், பகலில் அப்பாவின் வரைபடம், சாயங்காலம் அண்ணனின் விளையாட்டு என்று நீங்கள்தான் பட்டியல் சொன்னீர்கள். அதிலிருந்து வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. அண்ணன், "அப்பா, இந்த கிராபிக்ஸ் கார்டு இருந்தா உங்க மாடிப்படியை நாலு பக்கமும் சுத்திப் பாக்கலாம்" என்றான். "மாடிப்படி சுத்தினா நோயாளி விழுந்துடுவான்டா, எனக்கு ராம் மெமரி போதும்" என்றார் அப்பா. அம்மா, "எதையோ வாங்குங்க, சத்தம் போடாததா வாங்குங்க. சத்தம் போட வீட்டுல ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்கீங்க" என்றாள். கடைசியில் அப்பா, கணக்கில் பாஸானால் கார்டு என்றார். அண்ணன் பாஸாகிவிட்டான். கணக்கு வாத்தியார் உட்பட யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. அப்பா கையெழுத்துப் போடும்போது இன்னொன்றும் சொன்னார்: "ஒரு சாமான் இன்னொண்ணுல பொருந்தலேன்னாலும் கார்டு கடைக்குத் திரும்பிடும். அப்புறம் இது வேலைக்கு மட்டும்தான்." எங்கள் வீட்டில் அப்பா கையெழுத்துப் போட்ட பட்டியல் கல்லில் வெட்டியது மாதிரி.

அடித்து அடித்துத் திருத்தியதில் அந்தப் பட்டியல் யாருக்கும் புரியாமல் போனதால், கடைக்குக் கொடுக்க நல்ல எழுத்தில் நகல் எடுக்கும் வேலை எனக்கு வந்தது. ஏழாவது வரி வரைக்கும் நான் நல்ல பெண்ணாகத்தான் இருந்தேன். ஏழாவது வரி, கேபினட், அதாவது எல்லாச் சாமானையும் உள்ளே பூட்டும் வெளிப்பெட்டி. பக்கத்தில் கண்ணாடி வைத்தது, உள்ளே ஏழு நிற விளக்கு எரிவது. அப்பாவின் மேசை இருப்பது நான் தூங்கும் அறையில். மேசை மேல் வரைபடத் தாளைத் தவிர எதுவும் இருக்கக்கூடாது, ஆகவே அந்தக் கறுப்புப் பூதம் தரையில், என் தலைமாட்டில், விடிய விடிய எரியும். அப்பாவின் முக்கோண ஸ்கேலை எடுத்து மேசைக்கு அடியிலிருக்கும் தட்டின் உள் உயரத்தை அளந்தேன். முப்பத்தைந்து சென்டிமீட்டர் இருந்தது. விளக்கே இல்லாத சின்ன வெள்ளை கேபினட் ஒன்று, உயரம் முப்பது, விலையும் அதேதான். மதர்போர்டு சின்ன வகை என்பதால் அதிலும் உட்காரும் என்று கடைக்காரர் சொன்னார். ஏழாவது வரியில் அதை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

இன்று எல்லாம் வந்துவிட்டது. அண்ணன் கார்டை மட்டும் பிரித்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். தூக்கத்தில் சிரிக்கிறான். மற்றவற்றைக் காலை ஏழரைக்கு அப்பா ஒவ்வொன்றாக டிக் அடித்துத் திறப்பார். வெள்ளை கேபினட்டின் அட்டைப்பெட்டியில், இருபத்தெட்டு சென்டிமீட்டர் வரை நீளமுள்ள கார்டு பொருந்தும் என்று அச்சிட்டிருப்பதை இப்போதுதான் பார்த்தேன். அண்ணனை எழுப்பாமல் கார்டை அளந்தேன். முப்பத்து மூன்று. நான் மூன்று முறை அளந்தேன் சித்தப்பா. ஒவ்வொரு முறையும் அண்ணன் சிரித்தான்.

அதனால் நீங்கள் ஏழு மணிக்கு அப்பாவுக்குப் போன் செய்து இப்படிச் சொல்ல வேண்டும்: "அண்ணா, மேசைத் தட்டுல வைக்க வசதியா இருக்கும்னு நான்தான் வெள்ளை கேபினட் எழுதச் சொன்னேன். கார்டு நீளத்தை மறந்துட்டேன். கேபினட்டை மட்டும் மாத்துங்க, கார்டைத் திருப்பாதீங்க." உங்களைத் திட்ட அப்பா ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் வர வேண்டும், அதற்குள் கோபம் ஆறிவிடும். எனக்கு அடுத்த அறைதான்.

சித்திக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு என் பங்கு முத்தத்தை நீங்களே கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகள், இன்றைய நிலவரப்படி.

பி.கு.: சித்தப்பா, போன் செய்யாதீர்கள்! ஸ்கேல் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. அதன் கடைசியில் முப்பத்தேழு என்று போட்டிருக்கிறது. ஒரு அடி ஸ்கேலில் முப்பத்தேழு எப்படி வரும்? திருப்பிப் பார்த்தேன். இது பெரிய கட்டடத்தைச் சின்னதாக வரைவதற்கான பக்கமாம். சாதாரண சென்டிமீட்டர் வேறு பக்கத்தில் இருக்கிறது. இந்தப் பக்கத்து முப்பத்து மூன்று, அந்தப் பக்கத்தில் இருபத்தாறரைகூட இல்லை. கார்டு கேபினட்டுக்குள் ஜம்மென்று உட்காரும்! அண்ணன் சிரித்தது சரிதான். தட்டுக்காகத்தான் வெள்ளையை எழுதினேன் என்று நானே அப்பாவிடம் தைரியமாகச் சொல்லிவிடுவேன்.

சித்தப்பா, தட்டையும் நான் இதே பக்கத்தால்தான் அளந்தேன். முப்பத்தைந்து என்பது இருபத்தெட்டு. கேபினட் முப்பது. கார்டு கேபினட்டுக்குள் போகும், கேபினட் தட்டுக்குள் போகாது. தயவுசெய்து போன் செய்யுங்கள். தட்டைப் பற்றி மட்டும் பேச வேண்டாம், வேறு ஏதாவது நல்ல காரணமாக

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. "உள்ள யாரும்மா? என் முக்கோண ஸ்கேலைக் காணோம். பெட்டியில வெள்ளைன்னு போட்டிருக்கு, உயரம் முப்பதுன்னு போட்டிருக்கு, மேசைத் தட்டை ஒருதரம் அளந்து