தாய்மாமன் மடியும் ஒரு பயிற்சி வகுப்பும்

கற்பதற்கென்றே பிறந்த வழக்கறிஞர் திருப்பூரில் ஒருவர் உண்டெனில், அவர் எங்கள் 'ஆஜர்' ஒருவரே. அவருடைய இயற்பெயர் வழக்குக் கட்டுகளின் மீது மட்டும் இருந்தது. எவரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. புதிய தண்டனைச் சட்டமாயினும் இணையவழி விசாரணையாயினும், பயிற்சி வகுப்பு என்றால் முன்வரிசையின் நடு நாற்காலி அவருடையது. ஒருமுறை தவறுதலாகப் பக்கத்துக் கூடத்தில் சாயப்பட்டறைக் கழிவுநீர் பற்றிப் பொறியாளர்களுக்கு நடந்த வகுப்பில் அமர்ந்துவிட்டார். அதன் முடிவில் மிகச் சிறந்த ஐயமொன்றை எழுப்பியவரும் அவரே.

வழக்கு அழைக்கப்படும்போது அவர் இல்லாத நாளே இல்லை. ஆகவே பனியன் நிறுவன முதலாளிகள் அவரைச் சூழ்ந்திருந்தனர். இல்லத்தில் அவர் இருந்த நாளைத்தான் தேட வேண்டியிருந்தது. வழக்கறிஞர் வேறொரு நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தால், வழக்கை அன்றைக்கே சற்றுப் பின்னர் அழைக்குமாறு கோருவதை நாங்கள் 'பாஸ் ஓவர்' என்போம். நீதிமன்றத்தில் அதை ஒருபோதும் கேளாதவர், மனைவி "சோறு போடட்டுங்களா?" என்றால் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே "பாஸ் ஓவர்" என்பாராம்.

அவர்தம் தங்கை மகளின் காதுகுத்து இவர்பொருட்டே இருமுறை தள்ளிப்போயிற்று. தாய்மாமன் மடியில் அமர்த்தாமல் காது குத்துவதெங்ஙனம்? மூன்றாம் முறை தங்கை நேரே அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"அண்ணா, இந்த ஞாயித்துக்கெழம பொங்கலூர்க் கோயில்ல வெச்சிருக்கறமுங்க. நீங்க வரலீன்னா பெரியப்பா மகன் மடியில உக்கார வெச்சுருவனுங்க. அப்பறம் எம்புள்ளைக்கு மாமன் அவருதானுங்க. தொழிலையும் ஊட்டையும் எப்படிச் சமாளிக்கறதுன்னு எங்காச்சும் போயிக் கத்துக்குங்க!"

கற்றுக்கொள்ளச் சொன்னால் அவர் விடுவாரா? அதே ஞாயிறு காலையில் எங்கள் சங்கக் கூடத்தில் 'வழக்கறிஞர் தொழிலும் குடும்ப வாழ்வும்' என்றொரு வகுப்பு ஏற்பாடாகியிருந்தது. முதலில் பெயர் கொடுத்தவர் அவரே.

"அன்னைக்குத்தானே காதுகுத்து?" என்றேன்.

"வகுப்பு வெரசா முடிஞ்சுருமுங்கையா. முறையாக் கத்துக்கிட்டே போயி மடியில வெச்சுக்கறேன்."

வகுப்பு நீண்டது. அவர் தம் குமாஸ்தாவைக் கோயிலுக்கு அனுப்பினார். அந்த நல்ல மனிதர், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையின் முன் கைகட்டி நின்று, "ஐயா வேற எடத்துல ஆஜராயிருக்காருங்க, கொஞ்சம் பாஸ் ஓவர் வேணுமுங்க" என்று விண்ணப்பித்தாராம். பிறருக்காக நிற்பதே எங்கள் தொழில். அதில் ஊறிப்போனவர்களுக்கு, தமக்காக இன்னொருவர் நிற்க இயலாத இடங்களும் உண்டென்பது எளிதில் விளங்குவதில்லை.

கூடத்திலோ, வீட்டு விழாக்களைத் தவறவிடும் வழக்கறிஞர் இழப்பது என்ன என்று பயிற்றுநர் உருக்கமாக விளக்கிக்கொண்டிருந்தார். ஆஜர் தலையசைத்துத் தலையசைத்துக் குறிப்பெடுத்தார். அப்போது கதவு திறந்தது. இடுப்பில் மொட்டைத்தலைக் குழந்தையுடன் தங்கை. பின்னால் தட்டேந்திய உறவினர். அவர்களுக்கும் பின்னால் ஊசியோடு ஆசாரி.

"ஏனுங்க சார், நல்ல நேரம் முடியப் போவுதுங்க," என்று பயிற்றுநரை நோக்கினார் தங்கை. "எங்கண்ணன் காதை நீங்களே வெச்சுக்குங்க. எங்களுக்கு மடி மட்டும் போதுமுங்க."

கூடம் அதிர்ந்து சிரித்தது. ஆஜர் திகைத்தெழுந்து, "நீ சொன்னதுக்குத்தானே அம்மிணி வந்தேன்!" என்றார்.

"கத்துக்கிட்டது போதுமுங்க. உக்காருங்க."

அமர்ந்தார். ஊசி பட்டதும் குழந்தை வீரிட்டது. மாமன் அதனினும் ஓங்கி அழுதார். தங்கை முந்தானையால் முதலில் மகளின் கண்ணையும், பின்னர் அண்ணனின் கண்ணையும் துடைத்துவிட்டார்.

எல்லோரும் விருந்துக்கு வண்டியேறச் சென்ற பின்னும் ஆஜர் எழவில்லை. அழுத களைப்பில் குழந்தை அவர் மடியிலேயே உறங்கிவிட்டிருந்தது. பூட்ட வந்த காவலாளியிடம், "மெதுவாங்க, கண்ணு தூங்குது" என்றார். கால் மரத்துவிட்டதென்று என்னிடம் கிசுகிசுத்தார், ஆயினும் அசையவில்லை. மின்விசிறியை நிறுத்த வேண்டாமெனக் காவலாளிக்குச் சைகை காட்டிவிட்டு, நானும் அவரருகே அமர்ந்துகொண்டேன்.