அப்பாவின் சட்டையில் ஒரு பஸ்

என் அப்பாவின் சட்டையை எடுத்து, வெட்டி, தைத்து, அதை அவருக்கே பரிசாகக் கொடுத்தவள் நான். அதுவும் அவர் பணி ஓய்வு பெற்ற நாளில். மற்ற பிள்ளைகள் மோதிரம் போடுவார்கள், கைக்கடிகாரம் கட்டிவிடுவார்கள். எனக்குத்தான் கலை வந்துவிட்டதே!

அப்பா பஸ் டிரைவர். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம், திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் என்று அவர் ஆயுளில் பாதி அந்த ஒரே சாலையில்தான் போனது. வீட்டில் அதிகம் பேச மாட்டார். எதைக் கேட்டாலும் ஒரு தலையசைப்பு; அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மாதான் எங்களுக்கு விளக்கவேண்டும். நான் கல்யாணமாகித் திண்டிவனம் வந்துவிட்டேன். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். விதி, போனில் வீடியோவாக வந்தது.

அதில் ஒரு வெளிநாட்டு அம்மா துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டு, இரண்டு துணிக்கு நடுவே பஞ்சை வைத்துத் தைத்து, சுவரிலிருந்து ஒரு திமிங்கிலமே தலையை நீட்டுவதுபோல் செய்திருந்தார். இதற்குப் பெயர் குயில்ட். பார்த்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். அப்பாவின் பஸ்ஸை இப்படிச் செய்து, டெப்போவில் நடக்கும் பிரிவு உபசார விழாவில் மாட்டிவிட வேண்டும். சுவரை உடைத்துக்கொண்டு பஸ் வெளியே வருவதுபோல் இருக்கவேண்டும். அப்பா வாயடைத்துப்போக வேண்டும் (ஏற்கெனவே அடைத்த வாய் என்பது அப்போது தோன்றவில்லை).

அம்மாவிடம் மட்டும் போனில் சொன்னேன்.

"அப்பாவுக்கு பஸ் மாதிரி ஒரு குயில்ட் செய்யப் போறேம்மா."

"குயிலா? இப்பதான் பஸ்ஸுன்ன?"

"குயில் இல்லம்மா, குயில்ட். மெத்த மாதிரி."

"மெத்தன்னு சொல்ல வேண்டியதுதான. அவருக்கு முதுகு வலி வேற."

பத்து நாள் ராப்பகலாகத் தைத்தேன். ஐந்தடி அகலம், ஆறடி உயரம். பஸ்ஸின் முன்பக்கம் மட்டும் இரண்டடிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளே ஃபோம், பழைய தலையணைப் பஞ்சு, அது தொங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயில் ஒரு சட்டம். என் வீட்டுக்காரர் பிளம்பர் என்பதால் குழாய்க்குப் பஞ்சமில்லை. ஹெட்லைட்டுக்கு இரண்டு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மூடி. கண்ணாடிக்குப் பின்னால் டிரைவர், பக்கத்தில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மூட்டையோடு ஏறும் பெண்கள், எல்லோரும் துணிப்பொம்மைகள். எட்டு ஊசி உடைந்தது. வீட்டுக்காரர் பத்து நாளும் ஹோட்டல் இட்லி சாப்பிட்டுவிட்டு, "பஸ் எப்பம்மா கெளம்பும்?" என்று மட்டும் கேட்பார்.

பஸ்ஸின் உடம்பு முழுக்க அப்பாவின் காக்கிச் சட்டைகளாகவே இருக்கவேண்டும் என்பது என் பிடிவாதம். விழுப்புரம் போயிருந்தபோது, பீரோவின் கீழ்த்தட்டில் பழைய சட்டைகள் கிடக்கின்றன, எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு அம்மா ரேஷன் கடைக்குப் போனார். மூன்று சட்டைகள் கிடைத்தன. போதாது. மேலே ஹேங்கரில் ஒன்று தொங்கியது. கஞ்சி போட்டு, தேய்த்து, நிறம் மங்காமல் அத்தனை அழகாக இருந்தது. பஸ்ஸின் மூக்குக்கு இதைவிடப் பொருத்தமான துணி ஏது? அதையும் பையில் போட்டுக்கொண்டேன். நல்ல நிலையில் இருக்கும் சட்டை ஏன் தனியாகத் தொங்குகிறது என்று யோசிக்கும் பழக்கம் அப்போது எனக்கு இல்லை.

கடைசி வேலைநாள் காலையில் அம்மாவிடமிருந்து போன்.

"கொடி, வீட்ல திருடன் பூந்துட்டாண்டி!"

"ஐயோ, இன்னாம்மா போச்சு?"

"உங்கப்பா காக்கி சட்ட. கடைசி நாளுக்குன்னு ரெண்டு மாசமா எடுத்து வச்சிருந்தாரு. தெனமும் போடற ரெண்டையும் நான் நேத்தே ஊற வச்சிட்டேன். இப்ப கண்டக்டர் ஏழுமலைகிட்ட ஒரு சட்டய வாங்கி மாட்டிக்கினு போயிட்டாரு. சட்டய மட்டும் தூக்கிக்கினு போவற திருடன எங்கயாவது கண்டிருக்கியா?"

நான் திரும்பிப் பார்த்தேன். திருட்டுச் சொத்து ஹாலில் ஆறடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. அதன் மூக்கில், அப்பாவின் சட்டைப்பை அலங்காரமாக அமர்ந்திருந்தது. "பாவம்மா அப்பா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அப்பாவின் கடைசி ட்ரிப்பிலேயே அந்தக் குயில்ட்டை ஏற்றிக்கொண்டு போவதுதான் என் திட்டம். போர்வையால் மூடிக் கட்டி, நானும் வீட்டுக்காரரும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். அப்பாவின் வண்டி வந்தது. இறங்கினார். ஏழுமலை அண்ணன் ஒல்லி, அப்பா அப்படியில்லை. சட்டையின் ஒவ்வொரு பட்டனும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா இது? மெத்தயா?" என்றார் அப்பா. தலையை ஆட்டினேன்.

பக்கங்களைச் சுருட்டிவிட்டோம். ஆனால் மூக்கு சுருண்டால்தானே? பின்வாசலில் பாதி நுழைந்து சிக்கிக்கொண்டது. இந்தப் பக்கமும் வராது, அந்தப் பக்கமும் போகாது.

"ஜல்தி தள்ளுங்கப்பா, வண்டி லேட்டாவுது!" என்றார் ஏழுமலை அண்ணன்.

கூடையோடு நின்ற ஒரு பெண் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார். "உள்ள ரெண்டு பேரு இழுங்க, வெளிய நாலு பேரு தள்ளுங்க. பிரசவம் பாக்கற மாதிரி நின்னுக்கினு இருக்கீங்க!" தள்ளினார்கள். உள்ளே எங்கோ 'டக்' என்று குழாய் உடையும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அடுத்த தள்ளில் குயில்ட் உள்ளே போய்ப் பின்சீட் முழுவதையும் பிடித்துக்கொண்டது. விக்கிரவாண்டி தாண்டும்வரை ஒவ்வொரு வேகத்தடைக்கும் அது எழுந்து எழுந்து உட்கார்ந்தது.

விழுப்புரம் டெப்போவில் சின்ன ஷாமியானா, முப்பது நாற்காலி, ஒரு மைக். முன்வரிசையில் அம்மா. மேடைக்குப் பின்னால் வீட்டுக்காரர் கயிறு போட்டு குயில்ட்டை மாட்டினார். எல்லோரும் உட்கார்ந்ததும் போர்வையை நானே இழுத்தேன்.

குழாய் உடைந்ததில் பஸ்ஸின் மூக்கு நடுவில் மடிந்து, நீளமாகக் கீழே தொங்கியது. டிபன் பாக்ஸ் மூடிகள் இரண்டும் இரு பக்கமும் சரிந்து மெதுவாக ஆடின. மேடையில் இருந்த அதிகாரி எழுந்தார். செருப்பைக் கழற்றினார். பயபக்தியோடு கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஏழுமலை அண்ணன் அவர் காதருகே குனிந்து, "சார், அது புள்ளையார் இல்லீங்க. பஸ்ஸு" என்றார். மைக் ஆனில் இருந்தது.

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. நான் நாற்காலிக்கு அடியில் போகலாமா என்று பார்த்தேன். மாலை, சால்வை எல்லாம் ஆனபின் அப்பாவைப் பேசச் சொன்னார்கள். அவர் மைக் முன்னால் வந்து, சட்டைப்பையில் கைவிட்டார். காலி. இரவல் சட்டை என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். திரும்பினார். குயில்ட்டைப் பார்த்தார். பார்வை அந்தப் பையிலேயே நின்றது. காக்கி நூல் தீர்ந்துபோய் அம்மா சிவப்பு நூலில் தைத்த பட்டன் அதில் இருந்தது. பக்கத்தில் போய்த் தடவினார். உள்ளே காகிதம் சரசரத்தது.

(தைக்கும்போதே சரசரத்தது. கஞ்சி என்று நினைத்தேன்.)

விரலை விட்டுப் பார்த்தார். நான்கு பக்கமும் இரட்டைத் தையல்; என் தையல் விடுமா? என்னை ஒருமுறை பார்த்தார். கோபமே இல்லை. பிறகு மைக்குக்கு வந்தார்.

"பேச்சு எழுதி வச்சிருந்தேன். அது பஸ்ஸுக்குள்ள இருக்குது."

மறுபடி சிரிப்பு. அப்பா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். பேசாமல் இறங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"இத்தினி வருசமா வண்டி நான் ஓட்டுனேன்னு எல்லாரும் சொன்னீங்க. விடியறதுக்கு மின்ன எழுந்து, டீ போட்டு, என்ன எழுப்பி உட்டது இவ. ஜுரம் வந்தன்னிக்கும் எழுந்தா. எனக்கு லீவு இருந்திச்சி. இவளுக்கு இல்ல. அவ்ளோதாங்க."

கும்பிட்டார். அப்போது மேல் பட்டன் தெறித்து எங்கோ போனது. ஆனால் இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "மைக்குல போயி 'இவ'ன்னு சொல்றாரு பாரு. மரியாதையே தெரியாது இந்த மனுசனுக்கு."

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கத்தரிக்கோலை எடுத்து, "பிரிச்சிக் குடுத்துடறேம்பா" என்றேன்.

"வேணாம்மா" என்றார். "அதுல ஆபீசருங்க பேரத்தான் வரிசையா எழுதியிருந்தேன். உங்கம்மா பேரு இல்ல."

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் குயில்ட் இப்போது விழுப்புரம் வீட்டு ஹாலில் தொங்குகிறது. புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் கும்பிடுகிறார்கள். நாங்களும் திருத்துவதில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்குப் பதில் தெரியவில்லை என்றாலும், சமாளிக்க வேண்டியிருந்தாலும், ஒரே பதில்தான்: "பஸ்ஸுக்குள்ள இருக்குது."

போன மாதம் என் மகளிடம் ஹோம்வொர்க் நோட்டு எங்கே என்று மிஸ் கேட்டிருக்கிறார். அவளும் கொஞ்சம்கூடத் தயங்காமல், "பஸ்ஸுக்குள்ள இருக்கு மிஸ்" என்றிருக்கிறாள். பள்ளி பஸ் டிரைவர் ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து தேடிவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"நோட்டு கெடைக்கலீங்க. ஒத்தக் காலு செருப்பு ஒண்ணுதான் கெடக்குது. பாப்பாவுதுங்களா?"