ஃபோர்மேன் கேட்ட கத்தி

"இது என்ன ஸ்டீலுங்க?"

"வெட்டற ஸ்டீல் சார்."

கடைக்காரர் அலுத்துப்போய்ச் சொன்னார். அலுப்புக்குக் காரணம் இருந்தது. கண்ணாடி மேசைமேல் பதினொரு கத்திகள் வாயைப் பிளந்து கிடந்தன. எதிரே நின்ற ஆசாமி முக்கால் மணி நேரமாக ஒவ்வொன்றையும் விரித்து, மடக்கி, மூக்கருகே கொண்டுபோய், எழுத்துப் பிழை தேடுகிறவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிழைதான் அவருக்குப் பிழைப்பு. ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறார். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி; மற்றபடி எல்லோருக்கும் அவர் 'ஒற்று சார்'. விட்டுப்போன க், ச், த், ப்-களைத் தேடித் தேடிச் சிவப்பு மையில் செருகுவதால் கிடைத்த பட்டம்.

"ஒரு 'க்' போனா என்ன சார், குடியா முழுகிடும்?" என்று புத்தகம் தைக்கும் பைண்டர் வம்புக்கு இழுப்பார்.

"முழுகும்யா. அர்த்தமே தலைகீழாப் போயிடும்."

இப்போதும் சும்மா இருக்க முடியவில்லை. "போர்டுல 'மடக்குக் கத்தி'ன்னு எழுதியிருக்கீங்க. அது வினைத்தொகை. நடுவுல 'க்' வராது."

"உங்களுக்குக் கத்தி வேணுமா, 'க்' வேணுமா சார்?"

கத்தி அவருக்கு இல்லை. அச்சகத்தின் ஃபோர்மேன் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். பரிசு வாங்கும் பொறுப்பு ஒற்று சார் தலையில் விழுந்திருந்தது. போன தடவை, ஓய்வு பெற்ற கணக்கருக்கு அவர் சுவர்க் கடிகாரம் வாங்கினார். "இனிமே மணி பார்த்து நான் எங்கப்பா போகணும்?" என்று கேட்டுவிட்டுக் கணக்கர் அழுததை அச்சகம் இன்னும் மறக்கவில்லை.

இந்தத் தடவை தப்பு நடக்கவே கூடாது. ஏனென்றால் இது ஃபோர்மேன். ஏழு வருடத்துக்கு முன், நாலாயிரம் பாடநூல் அட்டைகளில் 'இலக்கணம்' என்பது 'இக்கணம்' என்று அச்சாகிவிட்டது. விட்டுப்போன எழுத்து ஒற்று சார் கண்ணில் படாமல் தப்பியிருந்தது. ஃபோர்மேன் அன்று பகல் முழுக்க, மெஷின் இரைச்சலையும் மிஞ்சி, அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார். சாயங்காலம் முதலாளி அறைக்குப் போய், "மெஷின்ல ஏத்தினது நான். பார்த்திருக்க வேண்டியதும் நான்தான்" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு வந்தார். அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை இல்லை.

அந்த மனிதருக்கு என்ன வாங்குவது? ஒற்று சார் குழம்பவில்லை, நேரிலேயே கேட்டுவிட்டார். ஒன்றரை மாதத்துக்கு முன், பெரிய மெஷின் ஓடும்போதே அருகில் போய், "உங்களுக்கு என்ன சார் வேணும்?" என்றார். மெஷின் பக்கத்தில் பேசுவது மழையில் நின்று கடிதம் படிப்பது மாதிரி. பாதி அழிந்துதான் வரும். வந்து சேர்ந்த பாதியில் 'கத்தி' இருந்தது, 'மடக்கு' இருந்தது, கடைசியில் ஒரு 'அது போதும்யா' இருந்தது. ஒற்று சாருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. முப்பத்தைந்து வருட உழைப்புக்கு ஒரு மடக்கு கத்தி! நன்றாகத் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா, ஏனோ அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூணு வகை சார்" என்றார் கடைக்காரர், சீக்கிரம் அனுப்பிவிடும் நோக்கத்தில். "இது கார்பன் ஸ்டீல். கூர் பிரமாதமா ஏறும், ஆனா ஈரம் ஆகாது. இது ஸ்டெயின்லெஸ். துருப் பிடிக்காது, சீக்கிரம் மழுங்கும். இது ரொம்பக் கெட்டி, கடின அளவு அறுபத்திரண்டு. கூர் லேசுல போகாது, ஆனா நெம்பினா முனை உடைஞ்சிடும்."

"இதுல எது நல்லது?"

"கல்யாணம் மாதிரிதான் சார். எந்தக் குறையோட காலம் தள்ள முடியும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

ஒற்று சார் கூரைத் தேர்ந்தெடுத்தார். கார்பன் ஸ்டீல். வீட்டுக்கு வந்ததும் சோதனைக்கு ஓர் எலுமிச்சம்பழத்தை அறுத்தார். வெண்ணெய் மாதிரி இறங்கியது. அந்தப் பூரிப்பிலேயே துடைக்க மறந்து தூங்கிவிட்டார். காலையில் அலகு முழுக்கப் பழுப்புத் தேமல்.

"ஏங்க, புதுசுன்னு சொன்னீங்க?" என்றாள் மனைவி. "தோண்டி எடுத்த மாதிரி இருக்கு."

திரும்பவும் கடை. இந்தத் தடவை ஸ்டெயின்லெஸ். அச்சகத்தில் கட்டுக் கட்டாகக் கிடந்த மெய்ப்புகளின் சணல் கயிற்றை அறுத்துப் பார்த்தார். நாலு கட்டுவரை அறுத்தது. ஐந்தாவதைத் தடவிக் கொடுத்தது. கோப்பையின் அடிவிளிம்பில் தீட்டினால் கூர் ஏறும் என்று எங்கோ படித்த ஞாபகம். வீட்டில் அகப்பட்ட முதல் கோப்பையைக் கவிழ்த்தார். அது மனைவியின் தங்கை கொடுத்த ஆறில் ஒன்று. கை வழுக்கிக் கீழே விழுந்ததும் ஐந்தானது.

"அந்த ஃபோர்மேன் எப்பங்க ரிட்டயர் ஆவாரு?" என்றாள் மனைவி, சில்லுகளைப் பொறுக்கியபடி. "எனக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்."

மூன்றாவது, அறுபத்திரண்டு. இதைப் பூப்போலக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வருவதற்குள் பைண்டர் அதை வைத்து மை டப்பாவின் மூடியை நெம்பியிருந்தார்.

"நல்ல கத்தி சார்" என்றார் பைண்டர். "மூடி திறந்திடுச்சு. முனை மட்டும் உள்ள விழுந்திடுச்சு."

ஒற்று சார் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டக்கூடத் தெம்பில்லை. எஃகு இரவு பகலாக அவர் மண்டைக்குள் புகுந்து உட்கார்ந்திருந்தது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் துருவைப் பற்றிப் பேசினார். அவர் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிக்கொண்டார். ஒற்று சார் ப்ளேடு வாங்கப் போய் ப்ளேடாகவே ஆகிவிட்டார் என்று அச்சகத்தில் பேசிக்கொண்டார்கள்.

முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"என்ன ஒற்று சார், பதினாறு பக்கத்துல ஒரு சிவப்புக் கோடுகூட இல்ல? உடம்பு சரியில்லையா?"

"மனசுதான் சார் சரியில்ல. அம்பத்தெட்டா அறுபதான்னே தெரியல."

"நாடித்துடிப்பா?"

"கத்தி சார்."

முதலாளி நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

கடைசியில் கடின அளவு அம்பத்தெட்டில் ஒன்றை எடுத்தார். துருவும் பிடிக்காது, சட்டென்று மழுங்கவும் செய்யாது, முனையும் உடையாது. எல்லாவற்றிலும் கொஞ்சம் சுமார். தன்னைப் போலவே இருப்பதாக ஒற்று சாருக்குத் தோன்றியது. கடைக்காரர் அதைப் பெட்டியில் வைத்துக் கொடுக்கும்போது, "போர்டுல 'க்'கை அழிச்சிட்டேன் சார். இனிமே வராதீங்க" என்றார்.

விழா நாளன்று பெரிய மெஷினை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் அச்சகம் வேறு யாருடைய வீடோ போல இருந்தது. காகிதக் கட்டுகள்மேல் எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஃபோர்மேன் நடுவில், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பெருக்கும் அக்கா வழக்கம்போல ஃபிளாஸ்க்கோடு அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

ஒற்று சார் எழுந்தார். எஃகின் வகைகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். பைண்டர் கொட்டாவி விட்டார். பிறகு ஒற்று சார் எஃகை விட்டுவிட்டு ஃபோர்மேன் பக்கம் திரும்பினார்.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி இவர் எனக்காக ஒரு பழியைச் சுமந்தாரு. பதிலுக்கு எதுவும் கேட்கல. இந்த முப்பத்தஞ்சு வருஷத்துல வாயைத் திறந்து அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். அதை மட்டுமாவது நான் தப்பில்லாம குடுக்கணும்னு நினைச்சேன்."

பெட்டியை நீட்டினார். கைதட்டல். முதலாளிகூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஃபோர்மேன் பெட்டியைத் திறந்தார். கத்தியை எடுத்து, விரித்து, மடக்கி, மறுபடி விரித்தார். ஒற்று சாரின் முகத்தைப் பார்த்தார். கரகரத்த குரலில், மிகவும் மரியாதையாகவே கேட்டார்:

"நல்லாத்தான்யா இருக்கு... ஆனா எனக்கு எதுக்குய்யா கத்தி?"

"நீங்கதானே சார் கேட்டீங்க? மெஷின் பக்கத்துல! இதோ, அக்காகூட அங்கதான் நின்னாங்க!"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா ஃபிளாஸ்க் மூடியில் ஆவி பறக்க ஊற்றி ஃபோர்மேனிடம் நீட்டிவிட்டு, ஒற்று சாரின் பக்கம் திரும்பினார்.

"அவரு எங்க சார் கத்தி கேட்டாரு? 'கத்திக் கத்தித் தொண்டை போச்சு, ஒரு மடக்கு சுடுதண்ணி குடுத்தா அது போதும்யா'ன்னாரு. நீங்கதான் நல்லாத் தலையை ஆட்டிட்டுக் காணாமப் போயிட்டீங்க!"