பிள்ளையார் வாசலில் என் பின்சில்லுக் கார்

எஞ்சின் பார்க்கப் போகிறவர்கள் வடிவு பார்க்கக்கூடாது. பெண் பார்க்கப் போகும் ஆண்களுக்குச் சொல்லவேண்டிய புத்திதான் இது. அவர்களுக்குச் சொல்லிப் பயனில்லை என்பதால் கார் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்.

நான் வடிவு பார்த்தேன். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை காலை, எங்கள் ஊர்ப் பிள்ளையார் பார்த்துக்கொண்டிருக்க, சனத்தைக் காரால் துரத்தினேன். அதுவும் பின்பக்கமாக.

அப்போது எனக்கு வீடு கோப்பாயில், வேலை கரவெட்டியில். இரண்டுக்கும் நடுவில் வல்லைவெளி. அந்த வெளியைக் காலையில் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் வீதி. தண்ணீருக்குள் ஒற்றைக்காலில் கொக்குகள். வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாத ஒரு வெளிச்சம். நான் அதைத் தினமும் பார்த்தேன், பஸ்ஸில் யாரோ ஒருவரின் கக்கத்துக்குக் கீழாலே. (அந்தக் கக்கத்தைப் பற்றி இங்கே எழுத விருப்பமில்லை.)

வீட்டில் ஒரு கார் நின்றது. யப்பானில் செய்த சின்னக் கார், பின்கதவு மேலே திறக்கிற வகை. அண்ணை கனடாவுக்குப் போகமுதல் வாங்கியது, அவன் பெயரில் இருந்தது. தண்ணீர் இல்லாமல் ஓடி அதன் எஞ்சின் இறுகிவிட்டது. (ஓடினது ஆர் எண்டு கேளாதேங்கோ. நான்தான்.) அந்த வருஷம் கோயில் திருவிழாவுக்கு வந்த அண்ணை, வந்த அன்றே காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"உதைப் பழைய இரும்புக்குக் குடுப்பம்."

"குடுத்தா நான் எதிலை வேலைக்குப் போறது?"

"இப்ப எதிலை போறாய்?"

"பஸ்ஸிலை."

"பேந்தென்ன?"

எனக்குக் கோபம் வந்தால் மூளை வேலை செய்யாது. காரை நான் ஓட வைக்கிறேன், வைத்தால் எனக்குத் தா என்று கத்தினேன். அண்ணை சிரித்தான். "நான் திரும்பிப் போகமுதல் பிள்ளையார் கோயிலை ஒருக்காச் சுத்திக் காட்டு. காட்டினா உன்ரை பேருக்கு எழுதித் தாறன். இல்லையெண்டா இரும்புக்காரன் வருவான். சரியோ?"

"ஓம், சரி" என்றேன்.

எஞ்சின் இருந்த இடத்தில் அதே மாதிரி இன்னொரு எஞ்சினை வைப்பதுதான் அறிவுள்ளவர்கள் செய்கிற வேலை. எனக்கு அது போதவில்லை. அந்த நாட்களில் நான் கைத்தொலைபேசியில் கார் ஓட்டப்பந்தயம் பார்த்துக் கெட்டுப்போயிருந்தேன். நல்ல காரெல்லாம் பின்சில்லால், அதாவது பின்சக்கரத்தால், ஓடும் கார் என்று அதிலிருந்து ஒரு ஞானம் வந்திருந்தது. சைக்கிளில் போகும்போது திடீரென்று முதுகில் காற்று விழும் அல்லவா? மிதிக்கத் தேவையில்லை, ஏதோ ஒரு பெரிய உள்ளங்கை மெல்லத் தள்ளிக்கொண்டு போகும். பின்சில்லுக் கார் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குள் ஒரு கனவு. வல்லைவெளியில் சாளரம் திறந்திருக்கிறது, கொக்குகள் எழும்புகின்றன, பின்னாலிருந்து அந்தக் கை தள்ளுகிறது. பஸ்ஸில் நின்றபடியே இந்தக் கனவைக் கண்டு இரண்டு தரம் இறங்கவேண்டிய தரிப்பைத் தவறவிட்டேன்.

ஆகவே எங்கள் முன்சில்லுக் காரைப் பின்சில்லுக் காராக மாற்றுவது என்று முடிவெடுத்தேன். ஊரில் கராஜ் வைத்திருந்த யோகண்ணையிடம் போனேன். அவர் எதற்கும் முடியாது என்று சொல்லாத மனிதர். அவருடைய தொழில் வளராததற்கும் அதுதான் காரணம்.

"செய்யலாம் பிள்ளை. ஆனா வான் எஞ்சின் போடு" என்றார். "அது நெடுக்காலை படுக்கும். அதின்ரை பின்னச்சும் சேர்ந்தே வரும். தலையிடி இல்லை."

சரியான புத்தி. அந்த எஞ்சினைப் போய்ப் பார்த்தேன். வான் வண்டியின் ஆசனத்துக்குக் கீழே எத்தனையோ காலம் கிடந்து, ஆட்களின் பாரத்தைத் தாங்கி, எண்ணெய் வேர்த்து, அலுத்துப்போன முகத்தோடு இருந்தது. காலையில் கண்ணாடியில் நான் பார்க்கும் முகம். வேண்டாம் என்றேன்.

பெரியப்பாவிடம் ஒரு பழைய லான்ட்மாஸ்டர் உழவு எஞ்சின் இருந்தது. "உதைப் போடடி, சாகாது. பின்னேரத்திலை கழட்டி வெங்காயத்துக்கு இறைக்கவும் செய்யலாம்" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாவது எஞ்சினை வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு பழைய சாமான் வளவில் கண்டேன். பின்னேர வெயில். ஒரு பூவரச மரத்தின் கீழே அது மட்டும் தனியாக இருந்தது. மேல்மூடி சிவப்பு. அதன்மேல் ஒரு மஞ்சள் பூ விழுந்து கிடந்தது. மரத்துக்கு மேலே கிளிகள் கத்திக்கொண்டு போயின. நான் அதைத் தொட்டேன். வெயிலில் சூடேறியிருந்த இரும்புதான், ஆனால் உயிர் இருப்பது மாதிரி ஒரு இளஞ்சூடு. வளவுக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்கவில்லை. நான் வல்லைவெளியில் போய்க்கொண்டிருந்தேன்.

"உது முன்சில்லுக் காரின்ரை எஞ்சின்" என்றார் யோகண்ணை. "குறுக்காலை படுக்கும். கியர்ப்பெட்டியும் அதோடை ஒட்டியிருக்கு."

"அப்பிடியே தூக்கி டிக்கிக்குள்ளை வைச்சா?"

யோகண்ணை தலையைச் சொறிந்தார். "வைச்சா... பின்சில்லு ஓடும்தான்."

எனக்கு அவ்வளவும் போதும்.

டிக்கியை வெட்டி, சட்டம் ஒட்டி எல்லாம் செய்தாயிற்று. எஞ்சினை இறக்குவதற்கு அம்மா நல்ல நேரம் பார்த்துத் தந்திருந்தா. அந்த நேரம் முடியப்போகும்போதுதான் சிக்கல் தெரிந்தது. எஞ்சின் முன்னுக்கு இருந்த திசையிலேயே வைத்தால் புகைக்குழாய் பின்னாசனத்தில் முட்டுகிறது.

"அம்மா எங்கை இருக்கிறது? அவவின்ரை சீலை நெருப்புப் பத்தாதோ?" என்று கத்தினேன். "மற்றப் பக்கம் திருப்புங்கோ யோகண்ணை! புகை பின்னாலைதானே போகவேணும்?"

"திருப்பலாம்..."

"கெதியாத் திருப்புங்கோ, நேரம் போகுது!"

திருப்பினார்கள். அச்சொட்டாகப் பொருந்தியது. புகைக்குழாய் வடிவாகப் பின்பக்கம் பார்த்தது. நல்ல நேரத்துக்குள் இறக்கிவிட்டோம் என்று அம்மா கற்பூரம் கொளுத்தினா. எஞ்சினை அரை வட்டம் திருப்பினால் அது சில்லைச் சுற்றும் திசையும் திரும்பும் என்பது அங்கே நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் நான் கணிதப் பிரிவில் படித்தவள்.

ஓடிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஓடவில்லை. புது எஞ்சினின் முதல் ஓட்டம் பிள்ளையார் வாசலில், எலுமிச்சையின், எங்கள் பேச்சில் தேசிக்காயின், மேலேதான் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கராஜில் ஸ்டார்ட் செய்து சத்தம் மட்டும் கேட்டோம். தேன் மாதிரி இருந்தது. பிறகு நிற்பாட்டி, காரைக் கையால் தள்ளிக்கொண்டு கோயிலுக்குப் போனோம்.

வெள்ளிக்கிழமையாதலால் நல்ல சனம். கார் சாமியைப் பார்த்தபடி கிழக்கு வீதி மணலில் நின்றது. பாரமெல்லாம் பின்னால் இருந்ததால் மூக்கை உயர்த்திக்கொண்டு, என்னைப்போலவே திமிராக நின்றது. ஐயர் முன்மூடியில் சந்தனம் பூச வந்தார்.

"ஐயா, எஞ்சின் பின்னுக்கு" என்றேன்.

"அது அவருக்குத் தெரியும் பிள்ளை" என்று உள்ளே கைகாட்டிவிட்டு முன்னாலேயே பூசினார்.

முன்சில்லு இரண்டுக்கும் முன்னால் தேசிக்காய் வைத்தார்கள். அண்ணை பாதுகாப்புப் பார்க்கிறவன். கனடாவில் பழகிய பழக்கம். "ஒருத்தரும் முன்னுக்கு நிக்காதேங்கோ! எல்லாரும் காருக்குப் பின்னாலை போங்கோ!" என்று சனத்தை ஒதுக்கி, தானும் பின்னால் நின்று படம் எடுத்தான்.

முதலாம் கியரைப் போட்டேன். கிளச்சை விட்டேன்.

கார் பின்னுக்குப் போனது.

கியரைப் பிழையாகப் போட்டேனாக்கும் என்று பார்த்தேன். சரியாகத்தான் கிடந்தது. இந்த இடத்தில் ஒரு மனிதப் பிறவி பிரேக்கை மிதிக்கும். நான் இரண்டாம் கியர் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். கார் இன்னும் விசையாகப் பின்னுக்குப் போனது. பின்னால் "ஐயோ! அம்மா! பிடி! விடு!" என்று எல்லாச் சத்தமும் கேட்டது. அர்ச்சனைத் தட்டுகள் பறந்தன. அண்ணை படம் எடுத்தபடியே ஓடினான். அந்தப் படத்தில் வானமும் அவனுடைய பெருவிரலும் மட்டும்தான் இருக்கின்றன. தேசிக்காய் இரண்டும் நசுங்காமல் வைத்த இடத்தில் இருந்தன.

"பாருங்கோ" என்றா ஒரு வயதான மனுஷி, தூணுக்குப் பின்னால் நின்றபடி. "சாமிக்கு முதுகு காட்டாமல் போகுது. எங்கடை பெடியளுக்கு உது தெரியாது."

யோகண்ணை தலையில் கைவைத்துக்கொண்டு ஓடி வந்தார். "ரிவேர்ஸைப் போடு பிள்ளை! ரிவேர்ஸைப் போடு!"

"ரிவேர்ஸிலைதானே போகுது, கண் தெரியேல்லையோ!"

"அதாலைதான் சொல்லுறன், போடடி!"

போட்டேன். கார் முன்னுக்குப் பாயப் பார்த்தது. பின்சில்லு மணலுக்குள் சுழன்றது, இறங்கியது, அச்சு வரைக்கும் புதைந்தது. எஞ்சின் ஒரு தரம் இருமிவிட்டு நின்றது. அதற்குப் பிறகு அது ஸ்டார்ட் ஆகவில்லை. கோயில் மணிச்சத்தம் மட்டும் கேட்டது. சாளரக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, நாளைக்குக் காலை பஸ்ஸில் எந்தக் கக்கமோ என்று யோசித்தேன்.

யாரோ கயிறு கொண்டுவந்தார்கள். உழவு இயந்திரத்தால் கட்டி இழுக்கிற தடித்த கயிறு. முன்பக்கம் கட்டி, ஆம்பிளையள் பிடித்தார்கள். மணலைவிட்டுக் கெட்டித் தரைக்கு எடுப்பதுதான் யோசனை. ஆனால் எங்கள் சனத்தின் கையில் கோயில் வீதியில் கயிற்றைக் கொடுத்தால் என்ன நடக்கும்? முதல் இழுவையிலேயே ஒரு குரல் தன்னையறியாமல் "அரோகரா" என்றது. உடனே வீதி முழுக்க "அரோகரா!" கார் குழியைவிட்டு ஏறியது. நின்றால்தானே? கெட்டித் தரை வந்தது, கடந்தது. கயிறு தெற்கு வீதிக்குத் திரும்பியது. பொம்பிளையளும் வந்து பிடித்தார்கள். அம்மா சீலையைச் செருகிக்கொண்டு பின்னால் நின்று தள்ளினா.

"விடுங்கோ! நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். அரோகராவில் ஒன்றும் கேட்கவில்லை.

சுக்கானைப் பிடித்துக்கொண்டு இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. இருந்தேன். பிறகு என்ன நடந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எஞ்சின் சத்தம் இல்லை. மணலில் சில்லு உருளும் மெல்லிய சரசரப்பு மட்டும். மேற்கு வீதியில் வேம்பு நிழல் கண்ணாடியில் ஏறி, என் மடியில் விழுந்து, பின்னால் போனது. சாளரத்தால் காற்று வந்தது. கோயில் மதிலின் சிவப்பும் வெள்ளையும் என் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தன, முடியவே இல்லை. தண்ணீரில் மிதப்பது மாதிரி இருந்தது. அவமானத்தில் செத்துக்கொண்டிருந்த அதே நேரம், என் வாழ்நாளில் இவ்வளவு சுகமாக ஒரு காரில் போனதில்லை என்றும் நினைத்தேன். இதை இவ்வளவு காலமும் யாருக்கும் சொல்லவில்லை.

வடக்கு வீதியில் கயிற்றைப் பார்த்தேன். முன்வரிசையில் அண்ணை. கைத்தொலைபேசி சட்டைப்பையில். கழுத்து நரம்பு புடைக்க அரோகரா சொல்லி இழுத்துக்கொண்டிருந்தான்.

கிழக்கு வாசலில் கார் நின்றது. ஒருவரும் கேட்காமலே யாரோ தேங்காய் உடைக்க, ஐயர் தீபம் காட்டினார். கும்பிட்டு முடிந்ததும் அண்ணைக்கு ஞாபகம் வந்தது.

"எஞ்சின் சுத்தேல்லை. ஆக்கள்தான் இழுத்தது" என்றான் மூச்சு வாங்கியபடி. "இது செல்லாது. இரும்புக்குத்தான்."

அம்மா செருகிய சீலையை எடுத்துவிட்டா. "நீயும் அரோகரா சொல்லித்தானே இழுத்தனி?"

"ஓம்... அது..."

"தீபம் காட்டக் கும்பிட்டனியோ இல்லையோ?"

"கும்பிட்டனான்."

"அங்கை கொட்டிலுக்குள்ளை சாமியின்ரை தேர் நிக்குது. அதையும் விறகுக்குக் கொத்திக் குடுத்திட்டு வா. பேந்து உதை இரும்புக்குக் குடுப்பம்."

அண்ணை கொட்டில் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். திரும்பிப் போகமுதல் காரை என் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனான்.

யோகண்ணை எஞ்சினை மறுபடி திருப்பி வைத்தார். இப்போது அது ஒழுங்காக முன்னுக்கு ஓடுகிறது. புகைக்குழாய் பின்னாசனத்துக்குக் கீழே வருவதால், பின்னால் இருக்கிறவர்கள் நெல்லியடி வரமுதல் வெந்துவிடுவார்கள். பிறகு வந்த என் கணவரும் பிள்ளைகளும் முன்னாசனத்துக்கு அடிபடுவது அதனால்தான். ஆனால் வல்லைவெளியில் அந்தக் கை பின்னாலிருந்து தள்ளுவது உண்மை.

எங்கள் வீட்டில் அதை ஒருவரும் கார் என்று சொல்வதில்லை. கனடாவிலிருந்து அண்ணை தொலைபேசி எடுத்தால் முதல் கேள்வி, "தேர் சுகமோ?" பின்னேரம் யாராவது வந்து என்னைக் கேட்டால், அம்மா முற்றத்தில் நின்றபடி, "தேர் சுத்தி முடிஞ்சு இன்னும் இருப்பிடத்துக்கு வரேல்லை" என்று ஊருக்கே கேட்கச் சொல்லுவா. ஆரம்பத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எத்தனை நாள் சண்டை பிடித்திருப்பேன்.

போன கிழமை வேலை முடிந்து வரப் பிந்திவிட்டது. வல்லைவெளியில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அம்மா எடுத்து, "எங்கை பிள்ளை நிக்கிறாய்?" என்றா.

"வடக்கு வீதிக்கு வந்திட்டன் அம்மா" என்றேன். "தேங்காயை எடுத்து வையுங்கோ."