லோகு ஓணான் விசாவுக்குப் போன கதை

ஒரு காட்டில், பாறை ஒண்ணு மேல, லோகுன்னு ஒரு ஓணான் இருந்தான். காலேஜை ரெண்டாவது வருஷம் பாதியில விட்டுட்டு வந்ததுல இருந்து அவனுக்கு ஒரே வேலைதான். காலைல பாறை மேல ஏறி வெயில் காயுறது. வெயில் அந்தப் பக்கம் திரும்புச்சுன்னா இவனும் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவான். 'நாளெல்லாம் உழைக்கிறோம், ஆனா யாரும் சம்பளம் தர மாட்டேங்கிறானே'ன்னு அவனுக்கே ஒரு வருத்தம்.

ஓணான் வீட்டுல ஒரு வழக்கம் உண்டு. யாரு என்ன சொன்னாலும் தலையாட்டணும். அதுதான் மரியாதை. இதுல லோகுவை மிஞ்ச ஆள் கிடையாது. அப்பா, "இன்ஜினியரிங் படிக்கிறியாடா?"ன்னாரு. ஆட்டுனான். காலேஜுல பக்கத்து சீட்டுப் பல்லி, "மச்சி, இதெல்லாம் நமக்கு செட் ஆகாது, விட்டுட்டு ஓடிரலாமா?"ன்னுச்சு. அதுக்கும் ஆட்டுனான். மறுநாள் பல்லி மனசு மாறி கிளாஸுக்குப் போயிருச்சு. லோகு மட்டும் பெட்டியோட வீட்டுக்கு வந்துட்டான். பல்லி இப்ப ஏதோ பெரிய கம்பெனி சுவத்துல செட்டில் ஆயிருச்சு.

அவனை உயிரோட வறுத்தெடுத்தது எதுத்த மரத்து அணில், சரோஜாக்கா. தினமும் காலைல வாலைத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கும்.

"லோகு தம்பி, இப்ப என்ன பண்றீங்க?"

காட்டுல எந்தக் கேள்விக்கும் தலையாட்டித் தப்பிச்சிரலாம். இந்த ஒரு கேள்விக்கு முடியாது. இதுக்குப் பதில் வேணும். லோகு வாயைத் திறப்பான், ஒரு பூச்சி உள்ள போகும், மூடிக்குவான்.

இந்தக் கேள்வியே இல்லாத ஒரு ஊருக்குப் போயிரணும். வாழ்க்கையில லோகு தானா ஆசைப்பட்டது அது ஒண்ணுதான்.

தாய்மாமன் செங்கோடன் அவனை இழுத்துக்கிட்டு 'குக்கூ ஓவர்சீஸ்'னு ஒரு ஆபீசுக்குப் போனாரு. நடத்துறது பிரமிளா மேடம். ஜாதியில குயில். பெத்த புள்ளைய அடுத்தவன் கூட்டுல படிக்க வைக்கிறதுல பரம்பரை அனுபவம். இந்தத் தொழிலுக்கு அதைவிடத் தகுதி வேற என்ன வேணும்?

"படிப்புல மூணு வருஷம் கேப் விழுந்திருக்கே. என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

இங்கயுமான்னு லோகு மாமா பக்கம் திரும்புனான். மாமாதான் சொன்னாரு: "வெயில்ல படுத்துக் கிடந்தானுங்க மேடம்."

மேடம் எழுதிக்கிச்சு: "சூரிய ஆற்றல் துறையில் மூன்று வருடக் கள அனுபவம்."

லோகு தன்னையே ஒரு தடவை குனிஞ்சு பாத்துக்கிட்டான். இத்தனை நாளா இவ்வளவு பெரிய ஆளு நம்ம தோலுக்குள்ளயா இருந்தான்?

"அப்ப சோலார் மேனேஜ்மென்ட் கோர்ஸே போட்டுரலாம். பனி நாடு."

"அங்க வெயிலே அடிக்காதாமே மேடம்?"

"அதனாலதான் தம்பி அங்க அவ்ளோ டிமாண்டு."

லோகு தலையாட்டுனான்.

அது ஆடுற வேகத்தைப் பாத்து மேடத்துக்குக் கண்ணு சிவந்துருச்சு. குயிலுக்கு ஏற்கெனவே சிவப்புதான், இன்னும் சிவந்துச்சு. "இந்தா பாருங்க. இன்டர்வியூல ஒரே ஒரு கேள்விதான் குழி. 'படிச்சு முடிச்சிட்டு அங்கயே தங்கிருவியா?'ன்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லணும். எங்க, சொல்லுங்க."

"இல்லை மேடம்"னு வாய் சொல்லுச்சு. தலை மேலயும் கீழயும் ஆடுச்சு.

"தலைய ஆட்டாம சொல்லுங்க."

"சரிங்க மேடம்." ஆட்டம்.

"எங்க, பக்கவாட்டுல ஆட்டுங்க பாக்கலாம்."

லோகு முக்கி முனகிப் பாத்தான். வால்தான் பக்கவாட்டுல ஆடுச்சு. கடைசியா மேடம் ஒரு கொடியை எடுத்து அவன் கழுத்தைச் சுத்தி இறுக்கிக் கட்டுச்சு. இப்ப தலை அசையல. மூச்சும் சரியா வரல. "பர்ஃபெக்ட்"னு சொல்லுச்சு மேடம்.

இன்டர்வியூக்கு முந்தின நாள் காட்டுக்குள்ள நுழையுற ஆலமரத்தைப் பாத்து லோகு அப்படியே நின்னுட்டான். மரம் தெரியல. ஃப்ளெக்ஸ்தான் தெரிஞ்சுது. நடுவுல கூலிங் கிளாஸ் போட்ட லோகு. பின்னாடி பனிமலை, அதுக்கு மேல ஒரு விமானம். 'கடல் தாண்டும் எங்கள் காட்டுச் சூரியனே!' லோகுவை விடப் பெருசா மாமா கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டு நின்னாரு. கீழ வட்டம் வட்டமா சொந்தக்காரங்க தலை. அதுல ரெண்டு பேரு செத்தே போயிட்டாங்க. இருந்தாலும் வாழ்த்துறாங்க.

"மாமா, விசா இன்னும் வரலையே!"

"ஃப்ளெக்ஸ் கடைக்காரன் ஆடி ஆஃபர் போட்டிருந்தான் மாப்ளே. விசா எங்க போயிரப் போவுது?"

சரோஜாக்கா கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்கு மட்டும் கேள்வி கேக்கல. "போயிட்டு வாங்க தம்பி"ன்னுச்சு. லோகு ஃப்ளெக்ஸை இன்னொரு தடவை அண்ணாந்து பாத்தான். இனி விசா கிடைக்கலைன்னா இந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழதான் தினமும் நடக்கணும்.

விசா ஆபீசு ஏரிக்கரையில. ஆபீசரு ஒரு பூநாரை. வருஷா வருஷம் எந்த விசாவும் இல்லாம நம்ம ஏரிக்கு வந்து இறால் தின்னுட்டுப் போற வெளிநாட்டு ஆளு. ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு, "அடுத்தது"ன்னுச்சு.

லோகு விறைப்பா போய் நின்னான்.

"கழுத்துல என்னது?"

"ஃபேஷன் சார்."

"முகத்தைச் சரி பாக்கணும். கழட்டு."

கழட்டுனான். தலை ஜெயில்ல இருந்து வந்த மாதிரி நாலு ஆட்டம் ஆடுச்சு.

"சூரிய ஆற்றல்ல அனுபவம் இருக்கா?" ஆட்டுனான். "பாஸ் ஆயிருவியா?" ஆட்டுனான். பூநாரைக்கே முகம் மலர்ந்துருச்சு. ஆஹா, நம்ம குறையே நமக்கு வரமாயிருச்சேன்னு லோகு சந்தோஷப்பட்டு முடிக்கல.

"படிச்சு முடிச்சிட்டு அங்கயே தங்கிருவியா?"

லோகு பல்லைக் கடிச்சான். பாறையை நினைச்சான். சரோஜாக்காவை நினைச்சான். ஃப்ளெக்ஸுல கும்பிடுற மாமாவை நினைச்சான். "இல்லவே இல்லை சார்! சத்தியமா திரும்பி வந்துருவேன் சார்!"னு ஏரியே அதிருற மாதிரி கத்துனான்.

தலை மட்டும் ஆமா ஆமா ஆமான்னு ஆடுச்சு.

பூநாரை கொஞ்ச நேரம் வாயைப் பாத்துச்சு. அப்புறம் தலையைப் பாத்துச்சு. "உனக்கு வாய் ரொம்ப நல்லா பழக்கி விட்டிருக்காங்கப்பா"ன்னுச்சு. "ஆனா தலைதான் நேர்மையானது." ரிஜெக்ட்.

லோகு வீட்டுக்குப் போகல. எப்படிப் போவான்? வழியில அவனே கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு நிக்கிறான். நேரா போய் குக்கூ ஓவர்சீஸ் போர்டுக்குப் பின்னாடி இருக்குற சந்துல புகுந்துக்கிட்டான். ஊரும் அவன் ஃப்ளைட் ஏறிட்டான்னே நினைச்சுக்கிச்சு. மாமா முட்டாய் கூட குடுத்துட்டாராம். ரெண்டு மழைக்காலம் அந்த இருட்டுலயே போச்சு.

ஒருநாள் போர்டைத் துடைக்க வந்த பிரமிளா மேடம் அவனைப் பாத்து இறக்கையைப் படபடன்னு அடிச்சுச்சு.

"அடப்பாவி! இங்கயா இருக்கீங்க? என்ன இது, இவ்ளோ வெள்ளையா ஆயிட்டீங்க?"

"வெயிலே படல மேடம்."

மேடம் அவனைச் சுத்திச் சுத்திப் பாத்துச்சு. வெளுத்த தோலு. ஊருல யாரும் பாத்தே நாளாச்சு. ஃப்ளெக்ஸு வேற இன்னும் கிழியாம இருக்கு. "தம்பி, நீங்க ஃபாரின் போயிட்டு வந்துட்டீங்க. உங்களுக்குத்தான் தெரியல"ன்னுச்சு. "நாளைல இருந்து வேலைக்கு வாங்க. நீங்க ஒரு வார்த்தை பேச வேண்டாம்."

ஆலமரத்து ஃப்ளெக்ஸை அவுத்துட்டு வந்து ஆபீசு சுவத்துல மாட்டுனாங்க. மாமா படத்தை மட்டும் வெட்டிட்டு அந்த இடத்துல மேடம் வந்துருச்சு. அதுக்கு அடியில, நாற்காலி மேல, லோகு.

மொத ஆளா வந்தது சரோஜாக்கா. கூடவே அது பொண்ணு, கையில ஃபைலோட.

"லோகு தம்பி! எப்ப வந்தீங்க? ஆளே வெள்ளக்காரன் மாதிரி ஆயிட்டீங்களே! அங்கெல்லாம் நல்லாருக்கா?"

லோகு தலையாட்டுனான்.

"என் பொண்ணுக்கும் விசா கிடைச்சிருமா?"

லோகு தலையாட்டுனான். இத்தனை வருஷத்துல அவன் தலை இவ்வளவு நிம்மதியா ஆடுனதே இல்லை. சரோஜாக்கா கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, பொண்ணு பக்கம் திரும்பி, "பாத்துக்க. படிப்புன்னா அண்ணன் மாதிரி இருக்கணும்"னுச்சு.

பொண்ணு விவரம். அவனை ஏற இறங்கப் பாத்துட்டுக் கேட்டுச்சு: "அண்ணே, இப்ப என்ன பண்றீங்க?"

லோகு மெதுவா விரலைத் தூக்கி, தலைக்கு மேல இருந்த ஃப்ளெக்ஸைக் காட்டுனான்.

நீதி: எல்லாத்துக்கும் தலையாட்டுறவனுக்கு விசா கிடைக்காது. ஆனா, விசா கிடைச்சிரும்னு தலையாட்டுற வேலை நிச்சயம் கிடைக்கும்.